எல்லே அடித்த கூட்டாளிகள்

2019 ஆனி மாதக் கடைசியில் கனடாவிலிருந்து ஒருவனும் பிரான்சிலிருந்து ஒருவனும் பார்க்கிங்கில் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரில் ஒன்றாகப் படித்த நாங்கள் மூவரும் பத்து வருடத்துக்குப் பிறகு சந்தித்தோம்.

தொழிற்சாலையில் சனி, ஞாயிறு ஓவர்டைம் இருந்தது. ஊருக்கு அனுப்பக்கூடிய காசு. “காசு பிறகும் வரும். நாங்கள் மூன்று பேரும் திரும்ப எப்ப சேருவோம் மச்சான்?” என்றான் கனடாக்காரன். வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

வெஸ்ட்ஹாமில் ரயில் மாறி ஸ்ட்ராட்போர்ட்டில் இறங்கினோம். லண்டன் ஸ்ரேடியத்தில் நியூயோர்க் யாங்கீசுக்கும் பொஸ்ரன் ரெட் சொக்சுக்கும் பேஸ்போல் ஆட்டம். அமெரிக்கப் பெரிய லீக்கின் பருவகால ஆட்டம் ஐரோப்பாவில் நடந்தது அதுவே முதல் தடவை. சனியன்று முதற் சுற்றிலேயே இரு பக்கமும் ஆறு ஆறு ஓட்டங்கள், முடிவு 17-13. ஞாயிறு 12-8. இரண்டும் யாங்கீசுக்கே வெற்றி.

பிரான்சுக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இது எங்கட எல்லேதான்ரா. தடிக்குப் பதிலா மட்டை. அடிச்சுப்போட்டு சுத்தி ஓடி வரவேணும்” என்று விளங்கப்படுத்தினோம்.

ஒரு பந்து சனத்துக்குள் போய் விழுந்தது. மூவர் வாயிலும் ஒரே பெயர் வந்தது. பள்ளிக்கூட வேலிக்கு அப்பால் பந்தை அடிப்பவன் அவன். 2009 இல் முள்ளிவாய்க்காலில் காணாமற் போனவன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அன்றிரவு விடியும்வரை அவனைப் பற்றியே கதைத்தோம். தொலைபேசியில் ஒருநாளும் நாங்கள் எடுக்காத கதை அது.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, ஓவர்டைம் அடுத்த கிழமையும் வரும். பழைய கூட்டாளிகள் வந்தால் அந்த இரண்டு நாளையும் அவர்களுக்குக் கொடுங்கள்.