வாசற்படியில் 15 நாட்கள்

2016ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எங்கள் மூன்றாம் குழந்தை கருவில் 17 வாரங்களை எட்டியிருந்தது. எங்களுள் தாய்க்கு அப்போது வயது 39. இரத்தப் பரிசோதனை ஐயம் எழுப்பவே, பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கலாம் என்றார் மருத்துவர்.

பங்குத்தந்தையை நாடினோம். அளவுக்கு மீறிய ஆபத்தின்றி, சேயை ஏற்கவும் குணப்படுத்தவும் உதவுமாயின் திருச்சபை இதைத் தடுப்பதில்லை என்றார். இரண்டாம் யோவான் பவுலின் 1995ஆம் ஆண்டுச் சுற்றுமடலான ‘வாழ்வின் நற்செய்தி’யையும் காட்டினார். பின்பு, “அறிந்தபின் என்ன செய்வீர்கள்?” என்று வினவினார். “ஏற்றுக்கொள்வோம், சாமி” என்றோம். சொல்வதற்கு எளிதாகவே இருந்தது.

ஸ்கேன் திரையில் குழந்தை இருக்குமிடம் பார்த்து, மெல்லிய ஊசியால் ஏறக்குறைய 20 மில்லி நீர் எடுத்தனர். அதிலுள்ள சேயின் உயிரணுக்களை வளர்த்துக் குரோமோசோம்களை எண்ணுவார்களாம். ஆணா பெண்ணா என்பதும் அதில் தெரிந்துவிடும்; 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதை வெளியிடத் தடை விதிப்பதால், பாட்டியின் கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

முடிவு வர 15 நாட்கள் ஆயின. அந்நாட்களுக்காகவே இதை எழுதுகிறோம். அதுவரை இரவுச் செபமாலை முடிந்ததும் வயிற்றின்மீது சிலுவை வரைவது எங்கள் வழக்கம். ஊசி ஏற்றிய நாள்முதல் அது நின்றுபோயிற்று. நிறுத்துவோம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பெயர் தேடுவதும் நின்றது. அண்டை வீட்டார் கேட்டால் பேச்சை மாற்றினோம். ஏற்போம் என்று நாவால் கூறிய நாங்கள், குழந்தையை வாசற்படியிலேயே காக்க வைத்திருந்தோம்.

47 குரோமோசோம்கள், 21ஆம் எண்ணில் மூன்று. டவுன் சிண்ட்ரோம். கருக்கலைப்புக்கு அன்றைய சட்டம் 20 வாரங்களையே எல்லையாக வைத்திருந்தது. “ஒரு வாரமே உள்ளது” என்றார் மருத்துவர், பரிவோடுதான். 1959இல் இக்காரணத்தைத் தம் தோழர்களுடன் வெளியிட்ட ஜெரோம் லெஜென், அந்த அறிவே இக்குழந்தைகளை விலக்கப் பயன்பட்டது கண்டு வருந்தியவர் என்பதைப் பிற்பாடே படித்தோம்.

அன்றிரவு மீண்டும் சிலுவை வரைந்தோம். கை நடுங்கியது.

அறிந்ததால் நன்மையும் விளைந்தது. இத்தகைய குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்குமென்பதால், கருவிலேயே இதயத்தைச் சோதித்தனர், ஓட்டை தெரிந்தது. குழந்தை இதய மருத்துவர் உள்ள நகரில் பேறு நடந்தது. ஆறாம் மாதத்தில் அறுவை சிகிச்சை முடிந்தது.

இப்போது செபமாலை முடிந்ததும் அவனே எங்கள் நெற்றிகளில் சிலுவை வரைகிறான். வீட்டுப் பூனையையும் விடுவதில்லை.