ரம்பப் பல் அலை

ஆடி பிறந்துவிட்டால் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கீபோர்டு சர்வீஸ் செய்கிறவருக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது. ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு என்று எங்கும் அம்மன் கோயில் கச்சேரிகள். ஒடிந்த கட்டை, தேய்ந்த கான்டாக்ட் ரப்பர், துருப்பிடித்த ஜாக் என வேலை வந்துகொண்டே இருக்கிறது. நான் பார்க்கப் போனது அவருடைய இன்னொரு கைவேலையை. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த அவர், ஆசிலேட்டரிலிருந்தே டோன் கட்டித் தருகிறவர்.

"இத முதல்ல கேளுங்க சார்" என்று பழைய அனலாக் சிந்தசைசரில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். ஆசிலோஸ்கோப் திரையில் ரம்பப் பல் வரிசையாக ஓடியது. மின்னழுத்தத்தை ஓயாமல் ஏற்றி இறக்கும் சுற்றுதான் ஆசிலேட்டர். நொடிக்கு எத்தனை தடவை என்பது சுருதி. எந்த வடிவில் என்பது குரலின் நிறம். 220 ஹெர்ட்ஸ் ரம்ப அலைக்குள் 440, 660, 880 என எல்லா மடங்குகளும் அடங்கியிருக்கின்றன. இரண்டாவது பாதி பலத்தில், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கில். வயலின் கூட்டமும் டிரம்பெட்டும் இதிலிருந்துதான் பிறக்கும். ஸ்விட்சைச் சதுர அலைக்குத் திருப்பினார். 440உம் 880உம் போய், 220, 660, 1100 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் நின்றன. கிளாரினெட்டின் உள்ளீடற்ற குரல் வந்துவிட்டது. முக்கோண அலையில் அதே மடங்குகள் மிகவும் மெலிந்துவிடும். புல்லாங்குழலை அங்கிருந்து தொடங்குவாராம்.

ஆசிலேட்டருக்கு அடுத்து வரும் ஃபில்டர் இருப்பதைக் கூட்டிக் குறைக்குமே தவிர, இல்லாத மடங்கைப் படைக்காது. தப்பான அலையை எடுத்துவிட்டு ஃபில்டர் குமிழையே திருகிக்கொண்டிருக்கும் வாசிப்பாளர்களைச் சொல்லி வருத்தப்பட்டார். அந்த வருத்தம் நியாயமானது.

அடுத்து இரண்டு ஆசிலேட்டர்களை ஒன்றாக ஒலிக்கவிட்டார்: ஒன்று 440, மற்றது 441. நொடிக்கு ஒரு முறை ஒலி பொங்கித் தணிந்தது. இரண்டாம் மடங்கில் அதே துடிப்பு இரண்டு முறை, மூன்றாவதில் மூன்று முறை. வெவ்வேறு வேகத்தில் துடிக்கும் இவையெல்லாம் கலந்துதான், ஒற்றை விரலில் பத்துப் பேர் வாசிக்கிற அடர்த்தி கிடைக்கிறது. 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரில் மூன்று ஆசிலேட்டர்கள் இருந்ததன் பயன் அங்கே புரிந்தது. ஆனால் அனலாக் சுற்று வெப்பத்துக்கு அசையும். டிரான்சிஸ்டர் சூடேறினால் சுருதி நகர்ந்துவிடும். சென்னை வெயிலில் அது சின்னத் தொல்லை இல்லை. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 டிஜிட்டலுக்கு மாறி அதைத் தீர்த்தது. ஆறு சைன் அலைகள் ஒன்றையொன்று குலைத்து மணியோசையும் எலெக்ட்ரிக் பியானோவும் தந்தன.

ஆவடியிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் கீபோர்டு பையோடு காத்திருந்தான். "அண்ணா, இதுல இருக்கிற நாதஸ்வரம் உயிரே இல்லாம இருக்கு."

"அது பதிவு பண்ணி வச்ச சத்தம்டா தம்பி. எப்ப அழுத்தினாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்."

பழைய அனலாக் சிந்தசைசருக்கே திரும்பி, சதுர அலையின் அகலத்தைக் குறைத்துக் குறுகிய பல்ஸ் ஆக்கினார். உடனே சீவாளியின் மூக்கொலி தெரிந்தது. கூடவே ரம்ப அலையைச் சன்னமாகச் சேர்த்தார். கமகத்துக்குப் பிட்ச் பெண்டை இரண்டு அரைச்சுரத்துக்கு வைத்தார். ஆனால் வித்வான் மூச்சை அழுத்தும்போது சத்தம் மட்டுமா கூடுகிறது? நிறமும் மாறுகிறது. அதற்காக ஃபில்டரை மாடுலேஷன் சக்கரத்தோடு பிணைத்தார். இனி இடது கைதான் மூச்சு.

இளைஞன் கரகரப்ரியாவில் நாலு சுரம் பிடித்துப் பார்த்தான். "மேல் பஞ்சமத்துல கொஞ்சம் கிறீச்சிடுதுண்ணா."

"பல்ஸ் ரொம்பக் குறுகிடுச்சு" என்று குமிழை ஒரு மயிரிழை திருப்பினார்.