மேல்காற்று

நார்வேயின் பெர்கன் நகரில் வருடத்துக்கு 200 நாளுக்கு மேல் மழை. நான் இங்கே வந்ததிலிருந்து வடாமும் கொத்தவரை வற்றலும் மாமல்லபுரத்திலிருந்துதான் வரும். பொட்டலத்தின் மேல் முன்பு காஞ்சிபுரம் மாவட்டம் என்று எழுதியிருக்கும். 2019க்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டம். இந்த வருடம் பொட்டலம் வரவில்லை. அம்மாவால் மொட்டை மாடிக்கு ஏற முடியவில்லை, முழங்கால் வலி.

அதனால்தான் காய்கறி உலர்த்தும் மெஷின் வாங்கப் போனேன். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் வட்டத் தட்டுகளை அடுக்கடுக்காக வைக்க வேண்டும், விசிறி அடியில். விலை குறைவு. ஆனால் எனக்கு மோர்மிளகாய் போட வேண்டும். தயிர் சொட்டினால் நேராக மோட்டாரில் விழும். தட்டுகளையும் அடிக்கடி மேலும் கீழும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடித்தட்டு காய்ந்து மேல்தட்டு ஈரமாகவே இருக்கும். இன்னொன்று பெட்டி மாதிரி. விசிறி பின்பக்கம், எல்லாத் தட்டுக்கும் ஒரே சீராகக் காற்று. அதையே வாங்கினேன். 500 வாட், பத்து மணி நேரம் ஓடினாலும் 5 யூனிட்டைத் தாண்டாது. கூழ்வடாம் ஊற்ற ஓட்டையில்லாத விரிப்பும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் கத்தரிக்காய். அவசரப்பட்டு 70 டிகிரி வைத்தேன். மேலே மொறுமொறுவென்று இருந்தது, ஒரே வாரத்தில் உள்ளே பூசணம்.

"சூட்டை ஏத்தினா மேல்தோல் இறுகிக்கும்டி, உள்ள ஈரம் எங்க போகும்? காத்துதான் காயவைக்கும்" என்றாள் அம்மா போனில்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சித்திரை வெயிலில்கூட அவள் காற்றைப் பார்த்துத்தான் வடாம் பிழிவாள். காலையில் நிலத்துப் பக்கமிருந்து மேல்காற்று அடிக்கும்போது பிழிந்துவிடுவாள். மத்தியானம் கடல்காற்று திரும்பியதும் எங்களை மாடிக்கு விரட்டுவாள். ஐந்து நிமிடம் தாமதித்தால் வடாம் நமத்துவிடும். இங்கே வடக்கே லோஃபோட்டனில் காட் மீனை உப்பே போடாமல் மரச்சட்டங்களில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை, உறைநிலையை ஒட்டிய குளிர்காற்றில் அது கட்டையாகக் காய்கிறது. அதை நேரில் பார்த்திருந்தும் அம்மா சொன்னதோடு சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை வருடமானது.

மோர்மிளகாயை 50 டிகிரியில் போட்டேன். பகலில் மெஷின், ராத்திரி மறுபடி தயிரில். தயிர் தீர்ந்ததும் வெறும் காற்று. ஐந்தாம் நாள் ஒரு மிளகாயைப் போனுக்குப் பக்கத்தில் உலுக்கினேன். உள்ளே விதை கலகலத்தது.

"இன்னும் ஒரு நாள் விடு" என்றாள்.