குளிர் கொல்லவில்லை

2022 மார்கழியில் வட்டக்கச்சியில் ஒரு தொட்டி மீன் முழுதும் செத்தது. குளிரில் செத்தது என்று நான் சொன்னேன். அது பொய். நான் மூட்டிய அடுப்பும் நான் இழுத்துக் கட்டிய பொலித்தீனும்தான் அவற்றைக் கொன்றன. தொட்டி என்னுடையதல்ல. பக்கத்து வளவு அக்காவுடையது.

அந்த நாட்களை வன்னியில் ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். மண்டோஸ் புயல் டிசம்பர் 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே எங்கள் பக்கம் குளிர்காற்றும் தூறலும் தொடங்கிவிட்டன. காற்று மாசடைந்துவிட்டதென்று 9ஆம் திகதி பாடசாலைகளையும் மூடினார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தன. ஏதோ தொற்றுநோய் என்று முதலில் பயந்தோம். குளிரின் தாக்கம்தான் என்று பிறகு சொன்னார்கள். ஊரெல்லாம் குளிரில் சாவு. அதற்குள் என் பொய்யும் ஒளிந்துகொண்டது.

நான் கனடாவில் வீடுகளுக்கு ஹீட்டிங் பூட்டும் வேலை செய்தவன். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த வேலையை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அது எனக்குக் குறையாக இருந்தது. அக்கா வந்து, மீன் எல்லாம் அடியில் ஒதுங்கிக் கிடக்குது, என்ன செய்யலாம் என்று கேட்டபோது எனக்குக் கவலை வரவில்லை. சந்தோசம் வந்தது. அதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

அக்கா தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். நுண்கடன் எடுத்துச் சீமெந்துத் தொட்டி கட்டி, கப்பியும் பிளாட்டியும் விட்டிருந்தார். நத்தாருக்கு முன் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எடுப்பதாகப் பேச்சு. தொட்டியில் 5,000 லீற்றர் தண்ணீர். என் வெப்பமானி 21 பாகை காட்டியது.

அக்கா தானே ஒரு வழி சொன்னார். "தம்பி, வாடைக்காத்து வாற பக்கம் நாலு கிடுகு கட்டிவிட்டா என்ன? கிணத்துத் தண்ணியும் வெதுவெதுப்பாத்தானே கிடக்கு. அதைக் கொஞ்சம் கொஞ்சமா விடுவமே."

"உது சரிவராதக்கா. நீங்க விடுங்கோ, நான் பாக்கிறன்" என்றேன்.

அவர் சொன்னதுதான் சரி. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் நிலத்தடி நீர் சட்டென்று குளிராது. எங்கள் கிணறுகளில் அது 27, 28 பாகையில் நிற்கும். அதில் ஒட்சிசன் குறைவு. அதனால் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடவேண்டும். அவ்வளவுதான். திறந்த தொட்டியின் சூடு பெரும்பாலும் மேற்பரப்பால்தான் போகிறது. காற்று வீச வீச நீர் ஆவியாகிச் சூட்டையும் கொண்டுபோகும். காற்றை மறித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இன்னும் சொல்லப்போனால், 21 பாகையில் கப்பி சாகாது. பிளாட்டியும் சாகாது. சோர்ந்து கிடக்கும், தீன் எடுக்காது. தீன் போடாமல் விட்டுப் பொறுத்திருந்தால் வெயில் வந்ததும் எழும்பியிருக்கும்.

இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் கிடுகு கட்டுவதற்கு நான் எதற்கு? அதை அக்காவே கட்டுவார். நான் தேவைப்படும் வழி ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

கரண்டில் சூடாக்க முடியாது. 5,000 லீற்றரை 6 பாகை உயர்த்த ஏறக்குறைய 35 அலகு மின்சாரம் வேண்டும். ஆவணியில்தான் கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் கூட்டியிருந்தார்கள். வெயில் இல்லாததால் சூரிய சூடும் இல்லை. ஆகவே விறகு. இரும்புக் குழாயை வளைத்து வளைத்து அடுப்புக்குள் வைத்தேன். சின்ன மோட்டர் தண்ணீரை இழுத்து அதற்குள்ளால் சுற்றவிட்டது. பாலை விறகு நின்று எரிந்தது. அயலவர் வந்து பார்த்தார்கள். கையை விட்டு, "அட, சுடுகுது" என்றார்கள். அந்தச் சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

பொழுதுபடும்போது 27 பாகை. மீன்கள் எழும்பி ஓடின. அக்கா மகிழ்ந்துபோய்த் தீன் போட்டார். இன்னும் போடுங்கோ என்றேன். சூடு போகக்கூடாதென்று பொலித்தீனை நான்கு பக்கமும் இழுத்துக் கல் வைத்து அழுத்தினேன். எயார் பம்ப் குளிர்காற்றை உள்ளே தள்ளுகிறதென்று அதை நிறுத்தினேன். அடுப்பில் பெரிய கட்டைகளை வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் தங்கும் ஒட்சிசன் குறையும். மீனுக்கோ கூடுதலாக வேண்டும். 10 பாகை ஏறினால் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வயிறு நிறைந்த மீனுக்கு இன்னும் அதிகம். இருந்ததைக் குறைத்து, தேவையைக் கூட்டி, மேலே மூடியும் போட்டேன்.

இதில் என்னால் தாங்கமுடியாதது ஒன்று உண்டு. ரொறன்ரோவில் சிலர் வீட்டுப் பின்வளவுக் குளங்களில் கோய் மீன் வளர்ப்பார்கள். மேலே பனிக்கட்டி உறையும், அடியில் 4 பாகைத் தண்ணீரில் மீன் உயிரோடிருக்கும். அங்கே மிதக்கவிடும் சிறிய ஹீட்டர் குளத்தைச் சூடாக்குவதற்கல்ல. பனிக்கட்டியில் ஒரு துளை திறந்திருக்க வேண்டும் என்பதற்கு. வாயு வெளியேற வேண்டும். அந்த ஹீட்டரை நானே சிலருக்குப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன், ஏன் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறேன். அதே கையால்தான் இங்கே துளையில்லாமல் மூடினேன்.

விடியமுன் போய்ப் பொலித்தீனைத் தூக்கினேன். 31 பாகை. எல்லாம் மேலே மிதந்தன. வாய் திறந்திருந்தது. செவுள்கள் விரிந்திருந்தன. குளிரில் செத்த மீன் அப்படியிருக்காது. பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்துச் செய்ததுதான் பெரிய குற்றம். அக்கா எழும்பமுன் பொலித்தீனைச் சுருட்டி அப்புறப்படுத்தினேன். எயார் பம்பைப் போட்டேன். எரிந்த கட்டைகளை இழுத்து அணைத்தேன். அவர் வந்தபோது, "இரவு அடுப்பு நூந்துபோச்சுதக்கா, குளிர் அடிச்சுப்போட்டுது" என்றேன். அவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னடா செய்வாய், மாடே சாகுது" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து வருவதாக இருந்தவர் வரவில்லை. கடன் நின்றது. அக்கா காதில் கிடந்ததை அடகு வைத்தார், பிறகு வயலுக்குக் கூலிக்குப் போனார். மூத்தவன் ரியூசனை நிறுத்தினான். அதோடும் நிற்கவில்லை. இந்த மண்ணில் மார்கழிக்கு மீன் தாங்காது என்ற கதை ஒழுங்கையெல்லாம் பரவியது. தொட்டி கட்ட இருந்த இரண்டு வீட்டார் விட்டுவிட்டார்கள். ஒருவர் என்னிடமே வந்து கேட்டார். "தாங்காது" என்று நானும் சொன்னேன். என் பொய் அவர்களுடைய அனுபவ அறிவாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இதை எழுதமுன் அக்காவிடம் சொன்னேன். அவர் அடுப்பைப் பற்றியோ மீனைப் பற்றியோ கேட்கவில்லை. "பொலித்தீனை ஏன் கழட்டி வைச்சனி?" என்று மட்டும் கேட்டார். பயத்தில், என்றேன். அது முழு உண்மையல்ல. ஊரில் என் கெட்டித்தனம் அழியக்கூடாதென்று கழற்றினேன். அதையும் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். மன்னிப்பு நான் கேட்கவில்லை, அவர் தரவும் இல்லை. கடனில் எஞ்சியதை நான் கட்டட்டுமா என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

அந்த இரண்டு வீட்டாருக்கும் இன்னும் சொல்லவில்லை. மழை தொடங்கமுன் சொல்லவேண்டும். குளிர் வந்தால் தீனை நிறுத்துங்கள், வாடைப் பக்கம் கிடுகு கட்டுங்கள், கிணற்றுத் தண்ணீரைச் சிதறவிடுங்கள், தொட்டியை ஒருபோதும் முழுதாக மூடாதீர்கள் என்று சொல்லவேண்டும். இதை முதலில் சொன்னது யார் என்பதையும்.