பையில என்னப்பா இருக்கு?

ஆபீஸ் விட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எங்க வீட்டு இளவரசி (ஒண்ணாங்கிளாஸ்) ஓடி வர்றதைப் பாத்து ரொம்ப நாளா புல்லரிச்சுப் போயிருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஓடி வர்றது என்கிட்ட இல்ல, என் தோள்பைகிட்ட!

அதுல தினமும் ஒரு பாக்கெட் இருக்கும். சிப்ஸ், இல்லேன்னா கிரீம் பிஸ்கட். ஏழு மணிக்கு அது உள்ள போகும். எட்டு மணிக்கு தோசைத் தட்டு முன்னாடி "வயிறு வலிக்குதுப்பா". ஒன்பதரைக்கு "பசிக்குது". தங்கமணி ரெண்டாவது தடவை அடுப்பைப் பத்தவைக்கும்போது நான் டிவி பாக்கிற மாதிரி நடிப்பேன்.

"அவ சாப்பிட மாட்டேங்கிறான்னு டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி, நீங்க கடைக்குப் போறதை நிறுத்துங்க"ன்னாங்க ஒருநாள். கோவம் வந்துச்சு. யோசிச்சா நியாயம்தான். லேட்டா வர்றதுக்கு நான் கட்டுற அபராதம் அந்தப் பாக்கெட்.

அன்னிக்குத்தான் அதைத் திருப்பிப் படிச்சேன். எது எடையில அதிகமோ அதை முதல்ல போடணும்ங்கிறது விதி. மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில். கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களை ஸ்கூல் கேட்லேர்ந்து 50 மீட்டருக்குள்ள விக்கக்கூடாதுன்னு 2020லயே விதி போட்டிருக்காங்க. நான் வீட்டுக்குள்ளயே சப்ளை பண்ணிட்டிருந்திருக்கேன்!

அதுக்காக நடுவுல ஒண்ணுமே குடுக்காம இருக்க முடியாது. சின்ன வயிறு, ஸ்கூல் விட்டு வந்தா பசிக்கத்தான் செய்யும். அதனால நாலரைக்கு சுண்டலோ, வாழைப்பழமோ, கடலை உருண்டையோ. தட்டுல போட்டு, உக்காந்து, டிவி இல்லாம. அப்புறம் எட்டு மணி வரைக்கும் தண்ணி மட்டும்.

முதல் வாரம் போர்க்களம். பையைத் தலைகீழா கொட்டிப் பாத்துட்டு "நீ கெட்ட அப்பா"ன்னுட்டா. வலிச்சுது சாமி. கடைக்குப் போக செருப்பைக்கூட மாட்டிட்டேன். தங்கமணி பாத்த பார்வையில கழட்டிட்டேன்.

சனிக்கிழமை நாலரைக்கு அவிச்ச வேர்க்கடலை, ஓட்டோட. ரெண்டு பேரும் தரையில உக்காந்து உரிச்சு உரிச்சுத் தின்னோம். அரைமணி நேரம் ஆச்சு. அதுலதான் விஷயம் வெளிய வந்துச்சு. பெஞ்சுல பக்கத்துல உக்கார்ற பொண்ணு இவகூட பேசறதே இல்லையாம். மூணு வாரமா. இத்தனை நாளும் பாக்கெட்டைக் குடுத்து நான்தான் அவ வாயை அடைச்சிருக்கேன்.

இப்பவும் ஓடி வர்றா. பழக்கதோஷத்துல பையைத் தொட்டும் பாக்கிறா. ஆனா நேத்து பையைத் தொடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா: "அப்பா, இன்னிக்கு அவ பேசினா!"