சொல் அறிந்து ஏடு படிப்போம்!

எழுத்துக் கூட்டிப் படிப்பது ஒரு கல்வி. எழுதியவர் எதைக் கூட்டினார், எதைக் கழித்தார் என்று கணக்குப் பார்ப்பது இன்னொரு கல்வி. முதற் கல்வியை நம் மக்களில் பெரும்பாலோர்க்குப் பள்ளிக்கூடம் தந்துவிட்டது. இரண்டாவதைத் தருவார் இலர். அதனாலன்றோ, காலையில் ஏட்டிலும் மாலையில் தொலைக்காட்சியிலும் இரவில் கைப்பேசியிலும் செய்தி வெள்ளமெனப் பாய்ந்தும், தெளிவு மட்டும் வறண்டு கிடக்கிறது!

கடையிலே அரிசி நிறுக்கும்போது தராசின் முள்ளைப் பார்க்கிறோம். செய்தி நிறுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வது என்ன நியாயம்? அந்தத் தராசை அறிய நான்கு சொற்கள் போதும். அவற்றை இந்த வேங்கிக்காலில் இருந்தபடியே, நாம் கண்டதையும் கேட்டதையும் கொண்டு விளக்க விழைகிறோம்.

முதற் சொல், தணிக்கை. ஆளவந்தார் ஏட்டின் வாயைப் பொத்துவது. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் இந்திய மொழி ஏடுகளை மட்டுமே கட்டியது. ஆங்கில ஏடுகளைத் தொடவில்லை. உழவனுக்கும் உழைப்பாளிக்கும் விளங்கும் மொழியிலே எழுதப்படுவதுதான் ஆட்சியை அச்சுறுத்தும் என்பதை வெள்ளையன் அறிந்திருந்தான். 1933 அக்டோபரில் 'இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?' என்று குடி அரசு தலையங்கம் தீட்டியது. எழுதிய பெரியாரும், இதழை வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை புகுந்தனர்.

வெள்ளையன் போனான்; தணிக்கை போனதா? 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது; கைதானோர் பெயரைக்கூட வெளியிட இயலாத நிலையும் வந்தது. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அண்ணா நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பெயர்ப் பட்டியலை முரசொலி வெளியிட்டது. தணிக்கை அதிகாரி அதில் குற்றம் காணவில்லை. படித்தவர்களோ, சிறையில் இருப்போர் யார் யார் என அறிந்துகொண்டனர். எழுதாததைப் படிக்கும் ஆற்றல் வாசகனுக்கு இருந்தால், தணிக்கையின் கத்தரிக்கோலும் மழுங்கும்!

இரண்டாம் சொல், நிரல். நாடு எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏடு வகுத்துத் தரும் வரிசை. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, மெக்கோம்ஸ், ஷா என்னும் இரு அறிஞர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில், இன்னார்க்கு வாக்கு என முடிவெடுக்காத 100 பேரை ஆராய்ந்தனர். ஏடும் தொலைக்காட்சியும் எவற்றைப் பெரிதாக்கினவோ, அவற்றையே அவர்களும் பெரும் பிரச்சினை என்றனர். 1972இல் அந்த ஆய்வு வெளியாயிற்று.

சேப்பல் ஹில் வரை செல்வானேன்? மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே வேங்கிக்காலில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும், ஜவ்வாது மலையிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வந்தவாசியிலிருந்தும், மனுவும் கையுமாக மக்கள் வருவதை நாம் பார்க்கிறோம். பட்டா கேட்டு, பாதை கேட்டு, முதியோர் உதவித்தொகை கேட்டு வருகிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் தேநீர்க் கடையிலே நம்மிடம் கேட்டார்: "நம்ம சங்கதி பேப்பர்ல வந்திச்சா, தம்பி?" வந்திருந்தது, இத்தனை மனுக்கள் பெறப்பட்டன என்று. அந்த எண்ணிக்கையில் அவர் ஒருவர். அவ்வளவே! பௌர்ணமிக் கிரிவலத்திற்கோ படமும் பத்தியும் பக்கம் பக்கமாக!

2024 டிசம்பர் 1 அன்று, பெருமழையில் மலைச்சரிவு மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைப் புதைத்தது. குழந்தைகளும் மாண்டனர். சில நாட்கள் ஏடுகள் கண்ணீர் வடித்தன. டிசம்பர் 13 கார்த்திகைத் தீபம். நாம் புரட்டிய ஏடுகளிலே, நாள் நெருங்க நெருங்க, மலையேற அனுமதி உண்டா என்ற கேள்வி முன்னே வந்தது. ஏழை ஏன் மலையடியில் குடியிருக்க நேர்ந்தது என்ற கேள்வி பின்னே போயிற்று. யாரும் தடை விதிக்கவில்லை, வரிசைதான் மாறிற்று. தணிக்கையாவது கண்ணுக்குத் தெரியும் விலங்கு. நிரல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்றாம் சொல், சட்டகம். ஒரே நிகழ்ச்சியை எந்தச் சட்டத்துக்குள் மாட்டிக் காட்டுகிறார்கள் என்பது. செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட் விரிவாக்கத்திற்கு நிலம் தர மறுத்து 2023இல் உழவர்கள் போராடினர். நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் கிளம்பியபின், ஆறு பேர் மீதான நடவடிக்கையை அரசு திரும்பப் பெற்றது. 'நிலம் காக்கும் உழவர்' என்றால் ஒரு சட்டகம். 'வளர்ச்சிக்குத் தடை' என்றால் வேறொரு சட்டகம். 'குண்டர் சட்டத்தில் கைது' என்று வெறுமனே தலைப்பிட்டாலோ, ஏர் பிடித்த கை அடிதடிக் கையாகிவிடும்! பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்பார்கள். உண்மைதான். பொய் சொல்லாமலே பழி சுமத்தலாம்.

நான்காம் சொல், விலைச்செய்தி. விளம்பரத்திற்கு வாங்க வேண்டிய காசை வாங்கிக்கொண்டு, அதற்குச் செய்தி வேடம் கட்டுவது. 2009 தேர்தலில் இது நாடெங்கும் நாறியது. இந்தியப் பத்திரிகை மன்றம் அமைத்த இருவர் குழு, ஏடுகளின் பெயர்களோடு விரிவான அறிக்கை தந்தது. 2010இல் மன்றம் வெளியிட்டதோ சுருக்கம் மட்டும்! மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்ட பின்னரே, 2011இல் முழு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஊரார் குற்றத்தைக் கொட்டை எழுத்தில் போடுவோர், தம் வீட்டுக் குற்றத்திற்குத் திரை போட்ட கதை இது.

தோழர்களே! இந்த நான்கு சொற்களும் மாற்றான் ஏட்டை மட்டும் நிறுக்கும் எடைக்கற்கள் அல்ல. நமக்கு வேண்டிய கட்சியின் ஏட்டையும், நாம் விரும்பும் தொலைக்காட்சியையும், ஏன், இந்தக் கட்டுரையையும் இவற்றால் நிறுத்துப் பாருங்கள். தன் பக்கத்துப் பொய்க்குத் தலையாட்டுகிறவன், கோயில் வாசலில் கைகட்டி நிற்பவனைப் பார்த்துப் பகுத்தறிவு பேசத் தகுதியற்றவன்.

ஊர்தோறும் படிப்பகங்கள் இருக்கின்றன. ஒத்த கருத்துடைய ஏடு ஒன்று, எதிர்க் கருத்துடைய ஏடு ஒன்று, இரண்டையும் அருகருகே விரியுங்கள். எது முதற்பக்கம், எது மூலை, எந்தச் சொல், யார் காசு என்று கேளுங்கள். இரண்டிலும் வராத உங்கள் ஊர்ச் செய்தியைப் படிப்பகத்துக் கரும்பலகையில் நீங்களே எழுதுங்கள். பெரியவரின் மனு என்ன ஆயிற்று, எத்தனை நாளாயிற்று, எந்த மேசையில் கிடக்கிறது என்று விசாரித்து, பெயரும் தேதியும் பிழையின்றி எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவோரும் போவோரும் அதைப் படிக்கட்டும்!