ஈயக் கப்பல் ஓடிய ஊரில் ஒரு பழைய ஒலிபெருக்கி

கோலாலம்பூரிலிருந்து சுங்கை பூலோ வழியாகக் கோலசிலாங்கூர் போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள்? பகலென்றால் மெலாவத்தி குன்றைப் பார்க்க. 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும், கடலை கொடுத்தால் கை நீட்டி வாங்கும் குரங்குகளும் அங்கே உண்டு. இரவென்றால் கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்க்க. நீங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

இந்த முறை கடற்கரை வரை போகாமல், என்னோடு ஈஜோக்கில் வடக்கே திரும்புங்கள். பெஸ்தாரி ஜெயா வரும். 2007-க்கு முன் அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை; எங்களைப் போன்ற பழைய தோட்டத்து ஆட்களின் வாயில் இன்றும் அந்தப் பெயர்தான் முதலில் வரும். இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல், நம் நாட்டில் வாணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்டார்கள். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர்.

சாலையை விட்டு உள்ளே போனால் ஏரி ஏரியாகத் தண்ணீர் கிடக்கும். இயற்கை ஏரி என்று எண்ணிவிடாதீர்கள். அவை ஈயம் எடுத்த பள்ளங்கள். வாளிச் சங்கிலியால் மண்ணை வாரி விழுங்கிய பெரிய ஈயக் கப்பல்கள் அங்கே மிதந்தன. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. அதன்பின் அந்தக் கப்பல்களின் காலமும் முடிந்துபோனது.

ஈயத்தைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், என் கதையே ஈயத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு, நான் பிறந்த தோட்டத்துக்குத் திருவிழாவுக்காகப் போனேன். லய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் ரவாங்கிலும் கிள்ளானிலும் வேலை பார்க்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் வருகிறார்கள். கோயில் சாமான் அறையைக் கூட்டிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் தூசி படிந்த இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தான்.

“தாத்தா, இது இன்னும் பாடுமா? செருகிப் பார்க்கட்டுமா?”

“தம்பி, இரு!” என்று நான் போட்ட சத்தத்தில் அவன் திடுக்கிட்டான்.

அது எங்கள் ரேடியோ மாமா தம் கையால் செய்த வால்வு ஒலிபெருக்கிப் பெட்டி. நான் சிறுவனாக இருந்தபோது, மாலையில் தோட்டத்து எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவர் வீட்டு வாசலில் பிள்ளைகள் கூடிவிடுவோம். வால்வுகள் மெல்லச் சிவப்பதைப் பார்ப்பதே எங்களுக்குப் படம் பார்ப்பது போல. ஒரு திருவிழாவுக்கு முதல் நாள் பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. கையில் சரியான ரெசிஸ்டர் இல்லாமல், அதே மதிப்புள்ள சிறிய ஒன்றை அவர் அவசரத்துக்கு வைத்திருந்தார். மதிப்பு சரி, ஆனால் சூட்டைத் தாங்கும் அளவு போதவில்லை. அன்றிரவு கோயில் ஊமையாக இருந்தது. சாமி எந்தப் பக்கம் புறப்படுகிறது என்பது கடைசி லயத்துப் பாட்டிகளுக்குத் தெரியவே இல்லை. மறுநாள் மாமா முதல் பஸ் பிடித்துப் பட்டணம் போய்ச் சரியானதை வாங்கி வந்தார். “தடை சின்னதுதானேன்னு நினைச்சேன்டா” என்று மட்டும் சொன்னார்.

ரெசிஸ்டர் என்பது மின்சாரத்தைத் தடுத்து அளவாக விடும் சிறு பொருள். வாய்க்கால் மடை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள வண்ணக் கோடுகள்தாம் அதன் மதிப்பு: கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு கோடுகள் எண்கள். மூன்றாவது, பின்னால் போடவேண்டிய சுழிகள். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் 1, 0, பிறகு நான்கு சுழி: 100,000 ஓம்.

ஆனால் மதிப்பை மட்டும் பார்த்தால் போதாது. ஈசிசி 83 என்ற சிறிய வால்வுக்கு மேலிருந்து மின்சாரம் தரும் 100,000 ஓம் தடையில் சுமார் 100 வோல்ட் விழும். சூடு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். ஈஎல் 84 என்ற பெரிய வால்வின் அடியில் உள்ள 150 ஓம் தடையிலோ ஏறக்குறைய 0.4 வாட் சூடு பிறக்கும். அங்கே அரை வாட் ரெசிஸ்டரை வைப்பது, நாலு பேர் படகில் நாலு பேரையே ஏற்றுவது போல. அலை வந்தால் என்ன செய்வது? கணக்குக்கு வரும் சூட்டைப்போல் இரண்டு, மூன்று பங்கு தாங்குவதை வாங்குங்கள். அங்கே 1 வாட் அல்லது 2 வாட் நல்லது.

நம் கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்று இன்னொரு பகை. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரத்தாலும் சூட்டாலும் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பில் ஏறும். மாமாவின் பெட்டியில் ஒரு காலைக் கழற்றிவிட்டு மீட்டரில் அளந்தோம். 100,000 என்று எழுதியது 138,000 காட்டியது! தம்பி கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் மெட்டல் பிலிம் ரெசிஸ்டர்கள் வாங்கி வந்தான். அவை மதிப்பில் எளிதில் பிசகா, இரைச்சலும் குறைவு. காய்ந்துபோன பழைய மின்தேக்கிகளையும் மாற்றினோம்.

பற்றவைப்பதை அவனுக்கு மாமா எனக்குச் சொன்னபடியே சொன்னேன். முதலில் கம்பியைக் கொக்கியில் வளைத்து இறுக்கு. ஈயம் பசைதானே தவிர ஆணி அல்ல. சூட்டுக்கோலால் இணைப்பைச் சூடாக்கு, ஈயக் கம்பியை அல்ல. இணைப்பு சூடானால் ஈயம் தானே ஓடிப் பரவும். ஆறும் வரை அசைக்காதே. பளபளப்பாக இருந்தால் நல்ல பற்று, சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் திரும்பச் செய். சூடாகும் ரெசிஸ்டரைத் தட்டிலிருந்து சற்றே தூக்கி வை. பழைய பற்றுக்கம்பியில் 100-க்கு 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். வேலை முடிந்ததும் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதே.

அந்த 60 பங்கு எங்கிருந்து வந்திருக்கும்? இந்த ஏரிகள் இருக்கும் மண்ணிலிருந்தும் ஈயம் உருக்காலைக்குப் போனதே! தோண்டிய மண்ணின் ஒரு துளி, ரேடியோ மாமாவின் பெட்டிக்குள் திரும்பி வந்திருக்கலாம் என்று நினைத்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய வால்வு ரேடியோ இருக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள். அதற்குள் 300 வோல்ட் வரை இருக்கும். செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் தேங்கி நிற்கும். அதை வடிக்க 220,000 ஓம், 2 வாட் தடை ஒன்றைக் குறுக்கே நிரந்தரமாக வைத்தோம். அப்படி இருந்தாலும் மீட்டரால் அளந்து பார்க்காமல் உள்ளே கை வைக்கக்கூடாது. முதன்முறை ஏற்றும்போது 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டோம்; பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே கோளாறு என்று பொருள். தெரியாதவர்கள் தெரிந்தவரை வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

எங்கள் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. வால்வுகள் சிவந்தன. தம்பி ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, சாமி புறப்பாடு எந்த லயத்தில் தொடங்கும் என்று அறிவித்தான். கடைசி லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் தலை நிமிர்ந்து, “நம்ம கோயில் குழாய்ச் சத்தம்ல!” என்றார்.

தடை என்றால் குரலை அடைப்பது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அளவான தடை இருந்ததால்தான் அன்று மாமாவின் பெட்டி கருகாமல் பேசியது. கடைசி லயம் வரை கேட்டது.